கலத்தின் வன்கூடு: ஒரு கண்டுபிடிப்பின் வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு நம் பாடநூல்களிற் பெரும்பாலும் பெயர்களதும் ஆண்டுகளதும் அட்டவணையாகவே இடம்பெறுகின்றது. இன்னார் இன்ன ஆண்டில் இன்னதைக் கண்டுபிடித்தார் என்று கூறிவிட்டால் வரலாறு நிறைவெய்திவிட்டதென நாம் எண்ணிக்கொள்கிறோம். அரசர்களின் பெயர்ப்பட்டியலை நாட்டின் வரலாறெனக் கொள்ளும் பழக்கத்தை வரலாற்றுத் துறையினர் கைவிட்டு நெடுங்காலமாயிற்று. ஆயினும் விஞ்ஞான வரலாற்றில் அப்பட்டியல் இன்றும் அரியணையிலேயே இருக்கின்றது. கலைப்பீட மாணவர் விஞ்ஞான வரலாற்றைத் தமக்குரியதன்று என ஒதுக்கி வைத்தமையும் இதற்கு ஒரு காரணமாகும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் உயிரியலைச் சார்ந்தது. உயிருள்ள கலத்தின் உள்ளே, அதன் வடிவத்தைத் தாங்கியும் அதனை அசைத்தும் நிற்கும் நுண்ணிய இழைகளின் தொகுதியை இன்று 'குழியவன்கூடு' என அழைக்கின்றனர். அத்தொகுதியின் தலையாய உறுப்புகளுள் ஒன்று அக்ரின் என்னும் புரதம். முளையத்திலிருந்து பெறப்படும் தண்டுக்கலங்களில் இவ்வக்ரின் இழைகள் எவ்வாறு ஒழுங்கமைந்துள்ளன என்பது அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளரைப் பெரிதும் ஈர்த்துள்ள வினாவாகும். கலத்தினுள் இழைகள் உளவா என்ற விவாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுந்துவிட்டது. அவற்றை ஐயத்துக்கிடமின்றிக் காண்பதற்கோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்துணைக் காலம் சென்றமைக்குக் காரணம் யாது? இதுவே வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினா.

இழைகள் மிகச் சிறியன என்பது விடையின் ஒரு பகுதியே. ஒரு பொருளைக் காண்பதற்குரிய கருவியும், அதனை இன்னதென்று அறிவதற்குரிய கருத்தும், அறிந்ததைப் பிறரிடம் சேர்ப்பிக்கும் தொடர்பும் ஒருங்கே வாய்த்தாலன்றி அப்பொருள் அறிவுலகில் இடம்பெறுவதில்லை. இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நாடுகளில், ஒன்றையொன்று தவறவிட்டு நின்றமையே குழியவன்கூட்டின் வரலாறாகும்.

அறையும் கூழும்

1665ஆம் ஆண்டில் றொபேட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுணுக்குக்காட்டியினூடாக நோக்கி, ஆங்குத் தாம் கண்ட நுண்ணிய இடங்களுக்குச் 'சிற்றறை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வழங்கினார். ஈழத்துக் கலைச்சொல்லாக்கத்தில் அது 'கலம்' ஆயிற்று. அறையாயினும் கலமாயினும் உள்ளே பிறிதொன்றை வைப்பதற்குரியது. சுவரே அதன் உருவம், உள்ளிருப்பது வெறும் இடம். ஹூக் கண்டவை இறந்த தாவர இழையத்தின் சுவர்களே ஆதலால் அப்பெயர் பொருந்தியது. ஆனால் உயிருள்ள கலத்துக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டமையால், கலத்தின் வடிவத்தைச் சுவரிலும் மென்சவ்விலும் தேடும் வழக்கமும் உடன் நிலைத்தது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கவனம் சுவரிலிருந்து உள்ளீட்டுக்கு மாறியது. 1835இல் பிரெஞ்சு அறிஞர் டுயார்டன் நுண்ணுயிர்களினுள்ளே ஒட்டுந்தன்மையுள்ள கூழ்போன்ற பொருளொன்றை விவரித்தார். 1861இல் ஜேர்மனியரான மக்ஸ் ஷுல்ற்சே, கலமென்பது கருவொன்றைக் கொண்ட முதலுருத் திரளே என வரையறுத்தார். 1868இல் தோமஸ் ஹக்ஸ்லி எடின்பரோவில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவின் பின்னர், முதலுருவே உயிரின் பௌதிக அடிப்படை என்ற கருத்துக் கற்றோரிடையே பரவிற்று. சுவர் போய்க் கூழ் வந்தது. ஆனால் கூழுக்கு ஒழுங்கமைப்பு உண்டா என்ற வினா விடையின்றியே நின்றது.

அவ்வினாவுக்கு விடைகாணப் பலர் முற்பட்டனர். கலப்பிரிவை ஆராய்ந்து புகழீட்டிய வால்தர் பிளெமிங் முதலுருவினுள் இழைகளைக் கண்டார். பியூச்லி நுரையைக் கண்டார். அல்ற்மன் மணிகளைக் கண்டார். வேறு சிலர் வலைப்பின்னலைக் கண்டனர். ஒவ்வொருவரும் தாம் கண்டதை வரைந்து வெளியிட்டனர். ஒவ்வொரு வரைபடமும் மற்றையதை மறுத்தது. இவர்கள் நோக்கியவை பெரும்பாலும் உயிருள்ள கலங்களல்ல. அமிலம், மதுசாரம், உலோக உப்பு முதலியவற்றால் நிலைப்படுத்திச் சாயமூட்டிய இறந்த கலங்கள்.

1899இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ. பி. ஹார்டி இவ்விவாதத்தின் அடிப்படையையே அசைத்தார். கலமே இல்லாத வெறும் புரதக் கரைசல்களையும் ஜெலற்றினையும் அதே நிலைப்படுத்திகளால் உறையவைத்தபோது, அவற்றிலும் வலைகள் தோன்றுவதை அவர் எடுத்துக்காட்டினார். கரைசலின் செறிவும் பயன்படுத்திய நிலைப்படுத்தியும் மாறவே வலையின் கண்களும் மாறின. ஆகவே அறிஞர்கள் கலத்திற் கண்ட கட்டமைப்பிற் பெரும்பகுதி அவர்களது சோதனை முறையே உண்டாக்கிய தோற்றம் என்ற ஐயம் வலுவடைந்தது.

ஹார்டியின் எச்சரிக்கை நியாயமானது, தேவையானதுங்கூட. ஆயின் அதன் விளைவு இருமுகப்பட்டது. பொய்யான வலைகள் மறைந்தன. அவற்றோடு வலையைத் தேடும் துணிவும் மறைந்தது. அடுத்து வந்த பல பத்தாண்டுகளிற் கூழ்களின் இரசாயனம் உயிரியலில் மேலோங்கியது. கலத்தின் உள்ளீட்டில் இழைகளைக் கண்டேன் என்பவர் ஏமாந்தவராகக் கருதப்படும் நிலை ஏற்பட்டது. உண்மையான அக்ரின் இழையோ சுமார் 7 நனோமீற்றர் விட்டமுடையது. ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 200 நனோமீற்றர் என்பதற்குரிய காரணத்தை ஏர்ன்ஸ்ற் அபே 1873இலேயே விளக்கியிருந்தார். ஆகவே அக்காலத்தவர் தனியிழையைக் காண இயலாதவராயிருந்தனர் என்பதில் வியப்பில்லை.

கருவிக்கு முந்திய கருத்து

காண முடியாததைக் கருதிப் பார்த்தோரும் இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் இரசிய உயிரியலாளர் நிக்கொலாய் கொல்த்சோவ். நிலையான புற உறையற்ற கலங்களுங்கூடத் தமக்குரிய சிறப்பான வடிவத்தைப் பேணுவது எவ்வாறு என்ற வினாவை அவர் எழுப்பினார். திரவத் துளி தன் மேற்பரப்பு இழுவிசையால் உருண்டையாகவே நிற்க முயலும். உருண்டையல்லாத கலம் ஒன்று இருக்குமாயின் அதன் உள்ளே வடிவத்தைத் தாங்கும் உறுதியான அமைப்பொன்று இருத்தல் வேண்டும். இவ்வாறு தருக்க வழியாகச் சென்று, கலத்துக்கு வன்கூடு உண்டு என்ற முடிவை 1903இலேயே அவர் முன்வைத்தார்.

1929இல் ஆங்கிலேயரான ருடொல்ப் பீற்றர்ஸ், கலத்தின் இரசாயன நிகழ்ச்சிகள் ஒழுங்குற நடைபெறுவதற்குப் புரதங்களாலான பின்னலமைப்பொன்று வேண்டுமெனக் கருதினார். 1931இல் பிரெஞ்சு முளையவியலாளர் போல் வின்ரெபேர் 'குழியவன்கூடு' என்பதற்கு நேரான பிரெஞ்சுச் சொல்லை ஆக்கி வழங்கினார். இச்சொல்லை வழங்கியவர் ஒரு முளையவியலாளர் என்பது கருதத்தக்கது. முளையத்தின் கலங்கள் நாளுக்குநாள் வடிவம் மாறுவதைக் காண்பவருக்கே வடிவத்தின் காரணத்தைத் தேடும் வேட்கை மிகுதியாய் இருக்கும் போலும்.

பொருள் கிடைக்குமுன்னரே பெயர் பிறந்துவிட்டது. ஆயினும் பெயர் பரவவில்லை. ஹார்டிக்குப் பிந்திய சூழலிற் சான்றில்லாத இழைகளைப் பேசுவது நகைப்புக்கிடமாயிற்று. கொல்த்சோவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சோவியத் நாட்டிற் பரம்பரையியலுக்கு எதிராக லைசென்கோ சார்பினர் மேற்கொண்ட தாக்குதலுக்கு அவரும் இலக்கானார். தாம் நிறுவிய ஆய்வு நிறுவகத்தின் தலைமையிலிருந்து 1939இல் நீக்கப்பட்டு, 1940இல் உயிர்நீத்தார். கருத்தொன்று புறக்கணிக்கப்படுவதற்கு அறிவுக் காரணங்களோடு அரசியற் காரணங்களும் சேரக்கூடும் என்பதற்கு இது சான்று.

செகெட் நகரத்து ஆய்வுகூடம்

இங்ஙனம் கலவியலாளர் இழையைத் தேடுவதைக் கைவிட்டிருந்த காலத்தில், அவ்விழையின் பொருள் வேறொரு துறையில் வேறொரு வினாவுக்கு விடையாகக் கிடைத்தது. அத்துறை தசையின் இரசாயனம். அவ்வினா, தசை எவ்வாறு சுருங்குகின்றது என்பது.

1864இல் ஜேர்மன் உடற்றொழிலியலாளர் கியூனே, தசையிலிருந்து உப்புக் கரைசலாற் பிரித்தெடுத்த புரதத்தை மயோசின் என அழைத்தார். 1887இல் ஆங்கிலேயரான ஹலிபேர்ட்டன், மயோசினைத் திரளச்செய்யும் பொருளொன்று தசையில் இருப்பதைக் கண்டு, அதனை ஒரு நொதியமெனக் கருதினார். இன்று நோக்குமிடத்து அவர் கையிலிருந்தது அக்ரினே எனக் கொள்ளப்படுகின்றது. ஆனால் அது தசையின் கட்டமைப்பில் ஒரு கூறு என்ற கருத்து அவரிடம் இல்லை. கண்டதை வேறொன்றாகப் பெயரிட்டமையால் அப்பொருள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது. கொல்த்சோவிடம் கருத்து இருந்தது, பொருள் இல்லை. ஹலிபேர்ட்டனிடம் பொருள் இருந்தது, கருத்து இல்லை.

1939இல் மொஸ்கோவில் எங்கெல்ஹார்ட்டும் லியூபிமோவாவும், ஏ.ரீ.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அடினோசின் முப்பொசுபேற்றைச் சிதைக்கும் ஆற்றல் மயோசினுக்கு உண்டென வெளியிட்டனர். சக்தியைத் தரும் பொருளுக்கும் சுருங்கும் பொருளுக்கும் இடையே தொடர்பொன்று முதன்முறையாகத் தெரிந்தது. இச்செய்தி ஹங்கேரியின் தென்பகுதியில் உள்ள செகெட் பல்கலைக்கழகத்தை எட்டியது. ஆங்கு மருத்துவ இரசாயனப் பேராசிரியராயிருந்தவர் 1937இல் நோபெற் பரிசு பெற்ற அல்பேட் செந்-ஜியோர்ஜி. விற்றமின் சீ பற்றிய ஆய்வினாற் புகழ்பெற்ற அவர், போர் தொடங்கிய காலத்தில் தம் குழுவினரைத் தசையின்பாற் திருப்பினார்.

குழுவினருள் ஒருவரான இலோனா பங்கா, அரைத்த தசையை உப்புக் கரைசலிற் சிறிது நேரம் வைத்துப் பிரித்தெடுத்தால் ஒருவகை மயோசினும், இரவு முழுதும் வைத்திருந்து பிரித்தெடுத்தால் மிகுந்த பாகுநிலையுள்ள வேறொருவகை மயோசினும் கிடைப்பதைக் கண்டார். இரண்டாவது வகைக்கு ஏ.ரீ.பி. சேர்த்தபோது அதன் பாகுநிலை சடுதியாகக் குறைந்தது. முதலாவதில் அத்தகைய மாற்றம் பெரிதாக நிகழவில்லை. அந்த இரண்டாம் வகையை நூலாக இழுத்து ஏ.ரீ.பி. கொண்ட நீரில் இட்டபோது நூல் சுருங்கிற்று. உயிரினின்று பிரிக்கப்பட்ட பொருளொன்று கண்ணாடிப் பாத்திரத்தில் உயிரின் செயலைச் செய்தது. தம் ஆராய்ச்சி வாழ்விலே தம்மை மிகவும் கிளர்ச்சியுறச் செய்த காட்சி அதுவே எனச் செந்-ஜியோர்ஜி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இருவகை மயோசினுக்கும் உள்ள வேறுபாட்டின் காரணத்தை 1942இல் விளக்கியவர் அப்போது முப்பது வயதையும் எட்டாத புரூனோ ஸ்ட்ராவுப். மயோசின் நீக்கப்பட்ட தசை எச்சத்தை அசற்றோனால் உலர்த்திப் பொடியாக்கி, அப்பொடியிலிருந்து நீரினாற் புதிய புரதமொன்றை அவர் பிரித்தெடுத்தார். மயோசினோடு சேர்ந்து அதனைச் செயற்படத் தூண்டுவதால் அதற்கு அக்ரின் என்ற பெயர் ஏற்பட்டது. உப்புக் குறைந்த நீரில் அது உருண்டை மூலக்கூறுகளாகத் தனித்து நின்றது. உப்பைச் சேர்த்ததும் அம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழைகளாயின. தேவைக்கேற்பக் கட்டவும் கலைக்கவும் கூடிய இழை என்பதே அக்ரினின் சிறப்பு. அதன் முழுப் பொருளும் புலப்படப் பல ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

இவ்வாராய்ச்சிகள் வெளிவந்தவிதம் நம் சிந்தனைக்குரியது. போரினால் ஹங்கேரிக்கும் மேற்கு நாடுகளுக்குமிடையே ஏடுகளின் போக்குவரத்து நின்றுபோயிருந்தது. ஆகவே செகெட் குழுவினர் தம் பல்கலைக்கழக ஆய்வு நிறுவகத்தின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பு வரிசையைத் தாமே வெளியிட்டனர். 1941 முதல் 1943 வரையான காலத்திற்குரிய மூன்று தொகுதிகளில், இருபதாம் நூற்றாண்டு உயிர் இரசாயனத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று அடங்கியிருந்தது. வெளியுலகம் அதனை அறியவில்லை. 1943இல் செந்-ஜியோர்ஜி நேசநாடுகளோடு இரகசியமாகத் தொடர்புகொள்ள இஸ்தான்புல் சென்றார். செய்தி ஜேர்மனியருக்கு எட்டவே, அவர்கள் 1944இல் ஹங்கேரியைக் கைப்பற்றியபின் அவர் தலைமறைவாக வாழ நேர்ந்தது. 1945இல் ஸ்கந்திநேவிய உடற்றொழிலியல் ஏடொன்றின் பின்னிணைப்பாக இவ்வாய்வுகளின் தொகுப்பு வெளிவந்த பின்னரே உலகம் அக்ரினை அறிந்தது.

பின்னர் செந்-ஜியோர்ஜி அமெரிக்கா சென்றார். ஸ்ட்ராவுப் தாய்நாட்டிலேயே தங்கி, அக்ரின் இழையாகும்போது தன்னோடு பிணைந்த ஏ.ரீ.பி.யைச் சிதைக்கின்றது என்பதை 1950இல் ஃபொயர் என்பவரோடு சேர்ந்து காட்டினார். 1988 முதல் 1989 வரை ஹங்கேரியின் சனாதிபதி மன்றத்தின் இறுதித் தலைவராகவும் அவர் விளங்கினார். இலோனா பங்காவின் பெயர் பல பாடநூல்களில் இடம்பெறுவதே இல்லை. அட்டவணை வரலாறு யாரை நினைவில் வைக்கின்றது, யாரை விட்டுவிடுகின்றது என்பதையும் நாம் இங்குக் கவனித்தல் தகும்.

தசைக்கு அப்பால்

1954இல் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹன்சனும் ஒருபுறமும், அன்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கேர்க்கேயும் மறுபுறமும், தசையில் அக்ரின் இழைகளும் மயோசின் இழைகளும் ஒன்றன்மீதொன்று வழுக்கிச் செல்வதாலேயே சுருக்கம் நிகழ்கின்றது என்ற கொள்கையை ஒரே வாரத்தில் ஒரே ஏட்டில் வெளியிட்டனர். இக்கொள்கையின் வெற்றியே ஒரு தடையுமாயிற்று. அக்ரின் தசைக்குரிய புரதம் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. தசையல்லாத கலத்தில் அதனைத் தேடுவோர் மிகச் சிலரே.

1952இல் அமெரிக்கரான லோவி, சளிப்பூஞ்சணம் எனப்படும் தாழ்ந்த உயிரியில் ஏ.ரீ.பி.க்குத் தசைப்புரதம் போலவே இணங்கும் பொருளொன்று இருப்பதைக் குறித்தார். 1966இல் ஜப்பானியரான ஹற்றானோவும் ஊசாவாவும் அவ்வுயிரியிலிருந்தே அக்ரினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். தசையே இல்லாத உயிரியிலும் தசைப்புரதம் இருந்தது. இங்கும் புதுவழி திறந்தது துறையின் மையத்திலன்று, எவரும் பெரிதும் பொருட்படுத்தாத விளிம்பிலே என்பது கருதத்தக்கது.

இதற்கிடையில் இலத்திரன் நுணுக்குக்காட்டி பரவலாயிற்று. ஏழு நனோமீற்றர் இழையைக் காணும் ஆற்றல் அதற்கு இருந்தும் கலத்தினுள் இழைகள் அரிதாகவே தென்பட்டன. கலங்களை நிலைப்படுத்த அக்காலத்தில் வழக்கிலிருந்தது ஒஸ்மியம் நாலொட்சைட்டு. 1963இல் சபற்றினி முதலியோர் குளுத்தரல்டிகைட்டு என்னும் பொருளை அறிமுகஞ் செய்தபின் நுண்புன்குழாய்களும் இழைகளும் தெளிவாகத் தோன்றலாயின. ஒஸ்மியம் நாலொட்சைட்டு அக்ரின் இழைகளை அழித்துவிடுகின்றது என்பதை 1978இல் மௌபின்-சமியரும் பொலாட்டும் நிறுவினர். ஹார்டி கண்டது இல்லாத வலையை உண்டாக்கும் நிலைப்படுத்தியை. இவர்கள் கண்டது உள்ள இழையை இல்லாதாக்கும் நிலைப்படுத்தியை. எண்பது ஆண்டு இடைவெளியில் ஒரே உண்மையின் இருபக்கங்களும் வெளிப்பட்டன.

இழை தென்பட்டாற் போதாது. அது அக்ரின்தான் என்பதற்கு அடையாளம் வேண்டும். மயோசினின் துண்டமொன்று அக்ரின் இழையில் அம்புத்தலை வடிவாக ஒட்டிக்கொள்ளும் இயல்பைப் பயன்படுத்தி, 1969இல் இஷிக்காவா, பிஷொவ், ஹோல்ற்சர் ஆகியோர் பல்வகைக் கலங்களில் அவ்விழையை இனங்கண்டனர். 1974இல் லசறிடீசும் கிளவுஸ் வேபரும் அக்ரினுக்கெதிரான பிறபொருளெதிரியை முயல்களிற் பெற்று, அதற்குப் புளோரொளிர்வூட்டிக் கலங்களை நோக்கினர். தனியிழையைப் பிரித்துக் காட்டவியலாத அதே ஒளி நுணுக்குக்காட்டியில், கலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும் இழைக்கற்றைகள் இருளிலே ஒளிர்ந்தன. 1979 முதல், நச்சுக் காளான் ஒன்றிலிருந்து 1937இற் பிரிக்கப்பட்டிருந்த ஃபலொயிடின் என்னும் நஞ்சும் ஒளிரூட்டப்பட்டு இப்பணிக்குப் பயன்படலாயிற்று. கொல்த்சோவ் கருதிய வன்கூட்டை எழுபது ஆண்டுகளின் பின் எவரும் கண்ணாற் காணலாம் என்ற நிலை வந்தது.

ஆனால் காணப்பட்ட வன்கூடு எலும்புக் கூட்டைப் போன்றதன்று. எலும்பு நிற்கும், இதுவோ கணந்தோறும் கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருவது. 1994இல் இனங்காணப்பட்ட புரதத் தொகுதியொன்று பழைய இழையின் பக்கத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகைக் கோணத்திற் புதிய கிளையை முளைக்கச் செய்கின்றது. வேறு புரதங்கள் நேரான இழையை நீட்டுகின்றன, வேறு சில முனையை மூடுகின்றன, சில வெட்டுகின்றன, மயோசின் இழுக்கின்றது. ஒரே செங்கல்லால் வலையும் கற்றையும் வேலியும் அமைக்கலாம் என்பது தெளிவாயிற்று. ஆகவே ஒரு கலத்தில் அக்ரின் உண்டா என்ற வினா முடிந்து, அது எவ்வாறு ஒழுங்கமைந்துள்ளது என்ற வினா தொடங்கியது.

முளையத் தண்டுக்கலங்கள்

'தண்டுக்கலம்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1868இல் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல், உயிரினங்களின் வழிமுறையை மரமாக வரைந்தபோது, எல்லா உயிர்களுக்கும் மூதாதையான தனிக்கல உயிரிக்கு அடிமரத்தைச் சுட்டும் ஜேர்மன் சொல்லை வழங்கினார். இனத்தின் மூதாதைக்கு இட்ட பெயர் பின்னர் உடலின் மூதாதைக் கலத்துக்கு ஆயிற்று.

1950களில் அமெரிக்காவின் ஜக்சன் ஆய்வுகூடத்தில் லெரோய் ஸ்ரீவன்ஸ், புகையிலையின் தீங்குகளை எலிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஓரின எலிகளின் விதைகளிற் பல்லும் மயிரும் தசையும் கலந்த விந்தையான கட்டிகள் தோன்றுவதைக் கண்டு, தம் கவனத்தை அவற்றின்பாற் திருப்பினார். எவ்வகை இழையமாகவும் மாறக்கூடிய கலங்கள் அக்கட்டிகளில் இருந்தன. இந்த ஆய்வுமரபே 1981இற் பயன்தந்தது. அவ்வாண்டில் கேம்பிரிட்ஜில் மாட்டின் எவன்சும் மத்தியூ கோவ்மனும், சன் பிரான்சிஸ்கோவில் கெயில் மாட்டினும், எலியின் முளையத்திலிருந்தே நேரடியாக இத்தகைய கலங்களைப் பெற்று வளர்த்தனர். 'முளையத் தண்டுக்கலம்' என்ற பெயரை வழங்கியவர் கெயில் மாட்டின். மனித முளையத்திலிருந்து அவற்றை 1998இல் ஜேம்ஸ் தொம்சன் பெற்றார்.

அதே 1981இல், அதே கேம்பிரிட்ஜில், மாட்டின் ஜோன்சனும் கரொல் சியோமெக்கும் எட்டுக்கல நிலையில் உள்ள எலி முளையத்தின் கலங்கள் வெளிப்பக்கம், உட்பக்கம் என வேறுபாடு பெறுவதிலிருந்து இரு கலவழிகள் பிரிகின்றன என எடுத்துக்காட்டினர். அந்நிலையில் முளையத்தின் கலங்கள் ஒன்றோடொன்று இறுக நெருங்குகின்றன. அவ்விறுக்கத்துக்குக் கலத்தின் விளிம்பிலுள்ள அக்ரினும் மயோசினும் தரும் இழுவையே காரணம் என்பது 2015இல் அளந்தறியப்பட்டது. மிகுதியாகச் சுருங்கும் கலங்கள் உள்ளே செல்கின்றன. உள்ளே சென்றவற்றின் திணிவிலிருந்தே தண்டுக்கலங்கள் பெறப்படுகின்றன. ஆகவே தண்டுக்கலம் தண்டுக்கலமாவதற்கு முன்னரே அதன் விதியில் அக்ரின் பங்குகொண்டுவிட்டது.

இரசாயனச் சைகைகளே கலத்தின் விதியை வகுக்கின்றன என்பது நெடுங்காலக் கொள்கை. 2006இல் பென்சில்வேனியாவில் எங்ளர், டிஷர் முதலியோர், வளர்ந்த உடலின் எலும்பு மச்சையிலிருந்து பெற்ற தண்டுக்கலங்களை வெவ்வேறு மென்மையுடைய படுகைகளில் வளர்த்தனர். மிக மென்மையான படுகையில் நரம்புக்கலங்களின் இயல்பும், நடுத்தரமானதிற் தசையின் இயல்பும், வன்மையானதில் எலும்பின் இயல்பும் அவற்றிற் தோன்றலாயின. படுகையை இழுத்துப் பார்த்து அதன் வன்மையை அறியும் கை அக்ரினும் மயோசினுமே. இதன்பின் முளையத் தண்டுக்கலத்தின் வன்கூட்டை அறியும் ஆர்வம் பெருகிற்று.

இதற்கு நடைமுறைத் தேவையொன்றும் இருந்தது. மனித முளையத் தண்டுக்கலங்களைத் தனித்தனியே பிரித்தால் நூற்றுக்கு ஒன்றளவே பிழைத்துக் குடித்தொகையாக வளர்ந்தது. மயோசினைத் தூண்டும் நொதியமொன்றைத் தடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 27 வளரும் என 2007இல் ஜப்பானின் கோபே நகரில் வற்றனபே, சசாய் முதலியோர் கண்டனர். அயற்கலத்தின் பிடி அறுந்ததும் அக்ரின்-மயோசின் தொகுதி கட்டுமீறிச் சுருங்குவதே அக்கலங்களின் மரணத்துக்குக் காரணம் என்பதை 2010இல் கோபேயிலும் அமெரிக்காவின் விஸ்கொன்சினிலும் இரு குழுவினர் தனித்தனியே காட்டினர்.

அக்ரினின் ஒழுங்கமைப்பு எத்தகையது? 2017இல் பின்லாந்தின் தூர்க்கு நகரத்து ஆய்வாளர், பல்லியல்புக்குரிய மனிதத் தண்டுக்கலக் கூட்டங்களைச் சுற்றி வலிய அக்ரின் கற்றைகள் வேலிபோல் அமைந்து, பெரிய ஒட்டிடங்களால் தரையைப் பற்றி நிற்பதைக் கண்டனர். வேலி தனிக்கலத்துக்குரியதன்று, கூட்டத்துக்குரியது. 2019இல் சிங்கப்பூரில், ஒளியின் பழைய எல்லையைக் கடந்த புதுவகை நுணுக்குக்காட்டிகளால் எலியின் முளையத் தண்டுக்கலங்கள் நோக்கப்பட்டன. மென்சவ்வின் அடியில் திசைச்சார்பற்ற, ஐதான அக்ரின் வலையொன்று அவற்றிற் காணப்பட்டது. வியத்தமடைந்த கலங்களுக்குரிய தடித்த, ஒருதிசைப்பட்ட கற்றைகளிலிருந்து அது பெரிதும் வேறுபட்டது. இன்னதாகத்தான் ஆவேன் என்று தீர்மானியாத கலத்தின் வன்கூடும் இன்ன திசையென்று தீர்மானியாததாகவே இருந்தது எனலாம்.

இவ்வொற்றுமை வெறும் உவமைதானா? 2021இல் ஐரோப்பாவில் இரு ஆய்வுக்குழுக்கள் வெளியிட்ட முடிவுகள் இதற்கு விடை தருகின்றன. எலியின் முளையத் தண்டுக்கலம் தன் தொடக்கநிலையை விட்டு வியத்தமடையப் புறப்படும்போது, மென்சவ்வுக்கும் அதன் அடியிலுள்ள அக்ரின் வலைக்குமிடையேயான பிணைப்புத் தளர்ந்து, மென்சவ்வின் இழுவிசை குறைகின்றது. அப்பிணைப்பைச் செயற்கையாக இறுக்கிவைத்தாற் கலம் தன் தொடக்கநிலையை விட்டு வெளியேறத் தடைப்படுகின்றது. வன்கூட்டின் நிலை விதியின் விளைவு மாத்திரமன்று, விதியின் வாயிற்காவலுமாகும்.

முடிவுரை

செகெட் நகரத்து ஆய்வாளர் முளையத்தைப் பற்றிச் சிந்திக்கவில்லை. கட்டிகளை ஆராய்ந்த ஸ்ரீவன்ஸ் அக்ரினைப் பற்றிச் சிந்திக்கவில்லை. கொல்த்சோவ் இரண்டையும் காணாமலே மறைந்தார். இன்று ஒரே படத்தில் ஒளிரும் தண்டுக்கலமும் அக்ரின் வலையும், ஒருவரையொருவர் அறியாத இவர்களது உழைப்பின் சந்திப்பாகும். இதனைக் 'கண்டுபிடித்தவர் யார்?' என்ற வினாவுக்கு ஒரு பெயரும் ஓராண்டும் விடையாகா.

நம்மைப் போன்ற சிறிய நாடொன்றின் பல்கலைக்கழகத்தவருக்கு இவ்வரலாற்றிற் சிறப்பான கருத்தொன்று உண்டு. செகெட் தொகுதிகள் போர்க்காலத்தில், வாசகர் உளரோ என்று தெரியாத நிலையில், ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்த முயற்சியால் அச்சேறின. அவற்றை அச்சிட்டோர் உலகம் அவற்றை வாசிக்கும் நாள் வருமென நம்பினர். அந்நாள் வந்தபோது காட்டுவதற்கு எழுத்து இருந்தது. எழுதி வையாதிருந்தால் அக்ரினை வேறொருவர் வேறொரு நாட்டில் மீண்டும் கண்டுபிடித்திருக்கக்கூடும். செகெட்டின் பெயர் ஹலிபேர்ட்டனின் பெயரைப் போல அடிக்குறிப்பாகியிருக்கும். கருவியும் கருத்தும் நம் கையில் எப்பொழுதும் இருப்பதில்லை. செய்ததை நேர்மையாகவும் தெளிவாகவும் பதிந்து வைப்பது மாத்திரம் எக்காலத்திலும் நம்மால் இயல்வது. அதனை விஞ்ஞான பீடத்தினர் தம் சோதனைகளுக்கும், கலைப்பீடத்தினர் அச்சோதனைகளின் வரலாற்றுக்கும் செய்யக் கடமைப்பட்டுள்ளனர்.